புது பேரலும் பொருந்தாத தோட்டாவும்

இன்னிக்கு எபிசோடை ஒரு சின்ன புதிரோட ஆரம்பிக்கலாம்.

போட்டிகளில் சுடுற ஒருத்தர் தன் ரைஃபிளுக்குப் புதுசா ஒரு பேரல் மாட்டுறார். பழைய பேரல்ல அருமையா சுட்ட தோட்டாக்கள் அவர்கிட்ட பெட்டி பெட்டியா இருக்கு. அதே கம்பெனி, அதே சைஸ், அதே பெட்டி. புது பேரல்ல போட்டுச் சுட்டா, குண்டுகள் இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு சிதறுது. பேரலை அளந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. தோட்டாவை நண்பரோட ரைஃபிள்ல போட்டா ஒரே ஓட்டையில போய் விழுது. அப்போ கோளாறு எங்கே?

நம்ம ஊர் நாகஸ்வரக் கலைஞர்களுக்கு இந்தப் புதிர் உடனே புரியும். அவங்க சீவாளியைக் கொத்தாத்தான் வச்சிருப்பாங்க. ஒரு வாத்தியத்துல கணீர்னு பேசுற சீவாளி இன்னொண்ணுல பேசாது. எந்தச் சீவாளி நல்லதுன்னு தனியா கேட்டா பதிலே கிடையாது. எந்த வாத்தியத்துக்கு நல்லதுன்னுதான் கேக்கணும்.

துப்பாக்கியிலும் அப்படித்தான். துல்லியம் என்பது பேரலிடம் இல்லை, தோட்டாவிடமும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஜோடியிடம் இருக்கிறது. ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள ராணுவங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. புரியாமல் போன நேரங்களில் ஆட்கள் செத்தார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு.

அரைச் சுற்று

முதலில் கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீங்க, பம்பரம் விட்டிருந்தா போதும்.

பழைய காலத்து மஸ்கெட் துப்பாக்கியின் குழாய் உள்ளே வழவழப்பாக இருக்கும். பிரிட்டிஷ் படையின் 'பிரவுன் பெஸ்' மஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் உள்விட்டம் 0.75 அங்குலம். உள்ளே போகும் ஈய உருண்டை அதைவிடக் கொஞ்சம் சின்னது. அப்போதுதான் சீக்கிரம் வாய் வழியாகப் போட்டு இடிக்க முடியும். ஆனால் அந்த இடைவெளியால் குண்டு குழாய்க்குள்ளேயே இங்கும் அங்கும் முட்டி, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்ற திசையில் வெளியே போகும்.

குழாய்க்குள் திருகு மரை மாதிரி சுருள் பள்ளங்கள் வெட்டினால், குண்டு சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாத மாதிரி, சுழலும் குண்டும் மூக்கு நேராகவே போகும். இது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம்தான். சிக்கல் வேறு இடத்தில். பள்ளத்தைப் பிடித்துச் சுழல வேண்டுமென்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியாக உள்ளே தள்ளவே நேரம் ஆகும். போர்க்களத்தில் அந்த நேரம் கிடையாது.

1840களின் கடைசியில் பிரெஞ்சு ராணுவ அதிகாரி கிளோத் எட்டியன் மினியே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கூம்பு வடிவக் குண்டு, அடிப்பகுதி குழிவு. உள்ளே போகும்போது தளர்வாகப் போகும். வெடித்ததும் அந்த அழுத்தத்தில் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும். இந்த யோசனையை வைத்துத்தான் பிரிட்டன் 1853ல் என்ஃபீல்டு ரைஃபிளைக் கொண்டுவந்தது. உள்விட்டம் 0.577 அங்குலம். மூன்று பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. பேரல் நீளம் 39 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்க: குண்டு பேரலை விட்டு வெளியே வரும்போது சரியாக அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். இந்த அரைச் சுற்றை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

பேரல் கேட்ட கொழுப்பு

என்ஃபீல்டு என்றதும் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் ஞாபகம் வந்திருக்கும். ஆமா, 1857 தோட்டா விவகாரம் இதே ரைஃபிளுடையதுதான்.

பாடப்புத்தகத்தில் நாம் படித்தது மதம் சார்ந்த பகுதி. அதற்குப் பின்னால் ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. சுரி வெட்டிய பேரலில் குண்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. கரும்மருந்து எரிந்தால் நிறையக் கரி படியும். நாலைந்து தடவை சுட்டதுமே அடுத்த குண்டு உள்ளே போகத் தகராறு பண்ணும். அதனால் வழுக்கிக்கொண்டு போக மசகு தேவை. குண்டும் மருந்தும் சேர்ந்திருந்த காகிதப் பொட்டலத்தின் ஒரு முனையில் கொழுப்பு தடவினார்கள். மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் கிடங்கிலிருந்து பரவியது. புது ரைஃபிளுக்குப் பயிற்சி கொடுத்த அம்பாலா, சியால்கோட் முகாம்களிலும் அதே கொதிப்பு.

1857 எழுச்சிக்குத் தோட்டா மட்டும் காரணம் இல்லை. நாடு பிடிக்கும் கொள்கை, வரி, சிப்பாய்களின் சம்பளமும் படியும் என்று நிறைய இருந்தது. ஆனால் பற்றவைத்த தீப்பொறி இதுதான். இந்த மசகு இந்தியச் சிப்பாய்களிடம் பிரச்சினை ஆகும் என்று வங்காளப் படையின் மூத்த அதிகாரி ஒருவர் 1853லேயே எச்சரித்திருந்தார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பேரலுக்குத் தோட்டா பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். அந்தத் தோட்டாவை வாயில் வைக்கப்போகிற மனுஷனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

மான்செஸ்டரில் ஒரு நீளமான கொட்டகை

இப்போ அதே வருஷங்களில், கடலுக்கு அந்தப் பக்கம் போவோம்.

ஜோசப் விட்வொர்த் என்ற பெயரை மெக்கானிக்கல் படித்தவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அவருக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டும். ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையின் நட்டு சேராது. 1841ல் விட்வொர்த் மரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார், 55 டிகிரி கோணம். எந்த நட்டும் எந்த போல்ட்டும் சேரும் உலகத்துக்கு வழி போட்ட ஆட்களில் இவர் முக்கியமானவர்.

என்ஃபீல்டு ரைஃபிளை இயந்திரத்தில் மொத்தமாகத் தயாரிக்க என்ன செய்யலாம் என்று 1854ல் அரசாங்கம் இவரிடம் யோசனை கேட்டது. ஒரு கன்சல்டன்ட் வழக்கமாக என்ன பண்ணுவார்? மெஷின் லிஸ்ட் கொடுத்து பில் அனுப்புவார். இவர் திருப்பிக் கேட்டார்: ஒரு பேரல் எப்படி இருந்தால் நன்றாகச் சுடும் என்று முதலில் யாருக்காவது தெரியுமா? 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று யார் முடிவு செய்தது, எந்தச் சோதனையை வைத்து? உருப்படியான பதில் யாரிடமும் இல்லை.

அப்போ முதலில் அதைக் கண்டுபிடிப்போம் என்றார். மான்செஸ்டரில் அவர் வீட்டு நிலத்தில், அரசாங்கச் செலவில், 500 கஜம் நீளத்துக்கு மூடிய கொட்டகை ஒன்று எழும்பியது. காற்று உள்ளே வந்து குண்டைத் திசை திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடல். கட்டி முடித்த கொஞ்ச நாளில் புயல் அடித்துச் சாய்த்துவிட, திரும்பக் கட்டினார்கள். உள்ளே வரிசையாக மெல்லிய டிஷ்யூ காகிதத் திரைகள். குண்டு ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு போகும். துளைகளைப் பார்த்தால் குண்டு எந்தப் பாதையில் போனது, மூக்கு நேராக இருந்ததா, பக்கவாட்டில் புரண்டதா என்று தெரிந்துவிடும். குண்டின் பாதைக்கு லாக் எடுத்திருக்கிறார் மனுஷன், 1855ல்!

சுற்று வேகத்தை மாற்றினார், உள்விட்டத்தை மாற்றினார், குண்டின் நீளத்தை மாற்றினார். கடைசியில் வந்த பதில்: உள்விட்டம் 0.45 அங்குலம், உள்வடிவம் அறுகோணம், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் எடை என்ஃபீல்டு குண்டின் அளவேதான், சுமார் 34 கிராம். ஆனால் ஒல்லியாகவும் நீளமாகவும், பேரலுக்குள் அப்படியே பொருந்துகிற அறுகோண வடிவிலும் இருந்தது. என்ஃபீல்டின் அரைச் சுற்றை ஞாபகம் வச்சிருக்கீங்கல்ல? அதே 39 அங்குல நீளத்தில் விட்வொர்த்தின் குண்டு கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடும்.

1857 ஏப்ரலில் ஹைத் என்ற ஊரிலிருந்த ராணுவத் துப்பாக்கிப் பள்ளியில் இரண்டையும் மோதவிட்டார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி. விட்வொர்த்துடையது 0.37 அடி. ஆறு மடங்கு வித்தியாசம். 1,400 கஜத்தில் விட்வொர்த் குண்டுகள் இலக்கில் விழுந்துகொண்டிருந்தன. என்ஃபீல்டை அந்தத் தூரத்தில் அளக்கவே முடியவில்லை.

1860 ஜூலையில் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி. தொடக்கக் குண்டைச் சுட்டது விக்டோரியா மகாராணி. தாங்கியில் இறுக்கி வைத்த விட்வொர்த் ரைஃபிள், விசையில் கட்டிய பட்டுக் கயிறு, 400 கஜம். மகாராணி கயிற்றை இழுத்தார். குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. டெமோவுக்கு எதைத் தேர்ந்தெடுக்கணும்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

இவ்வளவுக்கும் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் அதை வாங்கவில்லை. உள்விட்டம் ரொம்பச் சின்னது என்றார்கள். கரி படிந்தால் குண்டை உள்ளே தள்ளுவது கஷ்டம் என்றார்கள். விலையும் பல மடங்கு. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான், நான் ராணுவத்தைக் கிண்டல் பண்ணப்போவதில்லை. மழையிலும் சேற்றிலும் நின்று அவசரமாகச் சுடுகிறவருக்குத் துல்லியம் மட்டும் போதாது. ஆனால் 1871ல் அதே ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் அளவைப் பாருங்க: உள்விட்டம் 0.45 அங்குலம், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கொட்டகையில் கிடைத்த எண்ணுக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு விட்வொர்த் கதையில் பிடித்த விஷயம் வேறு. எந்த நட்டும் எந்த போல்ட்டும் சேர வேண்டும் என்று பாடுபட்ட ஆள், ரைஃபிளுக்கு வந்தபோது குண்டையும் பேரலையும் ஒரே டிசைனின் இரண்டு பாதிகளாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பேராசிரியரின் சூத்திரம், டாக்டரின் பிடிவாதம்

விட்வொர்த் சுட்டுச் சுட்டுக் கண்டுபிடித்ததை, 1879ல் வுல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஜார்ஜ் கிரீன்ஹில் ஒரு சூத்திரமாகச் சுருக்கினார். ரொம்ப எளிது. குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்குங்கள். அதை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை என்று வரும்.

போட்டுப் பார்ப்போம். விட்டம் 0.45 அங்குலம், நீளம் அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 1.35 அங்குலம். விடை 22.5. விட்வொர்த்தின் 20, மார்ட்டினி-ஹென்றியின் 22, இரண்டுக்கும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

சூத்திரத்தில் இன்னொன்றைக் கவனிங்க. குண்டின் எடை அதில் இல்லவே இல்லை, நீளம்தான் இருக்கிறது. குண்டு நீளமாக ஆக ஆக, இன்னும் வேகமான சுழற்சி தேவை. பேரலில் சுற்று வேகத்தை வெட்டியாச்சுன்னா அதை மாற்ற முடியாது. ஆக, பேரல் செய்கிற அன்றைக்கே அது எவ்வளவு நீளக் குண்டு வரைக்கும் சுடும் என்று முடிவாகிவிடுகிறது.

அப்போ சூத்திரம் கிடைச்சாச்சு, எபிசோட் முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. சூத்திரம் சொல்வது குண்டு குப்புறப் புரளாமல் இருக்க என்ன தேவை என்பதை மட்டும். புரளாத குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழும் என்று அது சொல்லவில்லை.

அந்த மீதிக் கேள்விக்காக வாழ்நாளைச் செலவழித்தவர் ஃபிராங்க்ளின் மேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டு ஊர்க்காரர், மருத்துவம் படித்தவர். கைநடுக்கம், பார்வை, மூச்சு எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட, கான்கிரீட் அடித்தளத்தின் மேல் பேரலைப் பொருத்திச் சுட்டார். விட்வொர்த் மாதிரியே காகிதத் திரைகளையும் வரிசையாக வைத்தார். வேண்டுமென்றே குண்டுகளைச் சேதப்படுத்தினார். சிலவற்றில் மூக்கைக் கெடுத்தார், சிலவற்றில் அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டினார்.

பார்க்கிறவங்களுக்கு மூக்குதான் முக்கியம்னு தோணும். அதுதானே முன்னால் போகுது? ஆனால் கெடுதல் அதிகம் வந்தது அடிப்பகுதிச் சாய்விலிருந்து. குண்டு பேரலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில், பின்னாலிருந்து பீறிடும் வாயு அடிப்பகுதியைச் சுற்றிச் சமமாக வெளியேற வேண்டும். ஒரு பக்கம் முன்னதாகத் திறந்துகொண்டால் குண்டுக்கு ஒரு தட்டு விழும். அவ்வளவுதான், பாதை மாறிவிடும். பல வருஷ ஆராய்ச்சியை 1909ல் புத்தகமாக வெளியிட்டார். துல்லியமாகச் சுடுவதில் ஆர்வம் உள்ளவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

பேரலின் வாய் விளிம்பு, உள்விட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம், குண்டின் அடிப்பகுதி, மருந்து எரியும் வேகம் என்று ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வித்தியாசம்தான். இவை அத்தனையும் ஒன்றோடு ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்று தாளில் கணக்கிட்டுச் சொல்ல முடிவதில்லை. சுட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து மட்டும்தானே மாறியது?

அடுத்து 1960கள், வியட்நாம். இந்தக் கதையில் எனக்கு மனசு கனக்கிற பகுதி இது.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 ரைஃபிளைத்தான் அமெரிக்கப் படை எம்16 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. சின்ன, வேகமான குண்டு. ஆரம்பத்தில் பேரலின் சுற்று 14 அங்குலத்துக்கு ஒன்று. கடுங்குளிர்ச் சோதனைகளில் குண்டுகள் நிலை தடுமாறின. குளிரில் காற்று அடர்த்தி கூடும், அதனால் குண்டைப் புரட்டும் விசையும் கூடும். 1963ல் பாதுகாப்புச் செயலாளர் மக்நமாரா 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். சோதித்தார்கள், குறை தெரிந்தது, பேரலைத் திருத்தினார்கள். இதுவரை எல்லாம் சரி.

அதற்கடுத்த வருஷம் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தை மாற்றினார்கள். ரைஃபிள் உருவானபோது பயன்படுத்திய மருந்தை வைத்து, ராணுவம் கேட்ட வேகத்தை, ராணுவம் அனுமதித்த அழுத்தத்துக்குள், மொத்த உற்பத்தியில் கொண்டுவருவது கஷ்டமாக இருந்தது. அதனால் சிறு உருண்டைகளாக இருக்கும் வேறு வகை மருந்து. தோட்டாவின் வெளி அளவில் ஒரு மாற்றமும் இல்லை. வேகம் சரி, அழுத்தம் சரி, காகிதத்தில் எல்லாம் பாஸ்.

ஆனால் எம்16 தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். பேரலிலிருந்து கொஞ்சம் வாயுவை ஒரு சின்னக் குழாய் வழியாகப் பின்னுக்குக் கொண்டுவந்து அதன் தள்ளலில்தான் வேலை செய்கிறது. புது மருந்தில் வாயு அழுத்தம் கூடிக் குறையும் விதம் வேறு. ரைஃபிள் வடிவமைத்ததைவிட வேகமாகச் சுட ஆரம்பித்தது. பாகங்களுக்கு அழுத்தம் கூடியது. அந்த மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. தோட்டா அமரும் அறைக்கு குரோமியம் பூச்சு இல்லை, வியட்நாம் ஈரத்தில் அரித்தது. இதை அதிகம் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்ற பேச்சு வேறு. துடைக்கும் உபகரணங்கள்கூட எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. 1967 வசந்த காலத்தில் கே சான் பக்கத்துக் குன்றுகளில் நடந்த சண்டைகளுக்குப் பிறகு, சிக்கிக்கொண்ட ரைஃபிளோடு செத்துக் கிடந்த தோழர்களைப் பற்றிப் படைவீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 19, 20 வயசுப் பசங்க. அந்தக் கடிதங்கள் பத்திரிகைகளுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போயின. ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. போதுமான சோதனை இல்லாமல் மருந்தை மாற்றியதை அது கடுமையாகக் கண்டித்தது. அதன்பிறகு அறைக்கு குரோமியம் பூசினார்கள், வேகத்தை அடக்கும் பாகத்தை மாற்றினார்கள், மருந்தில் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்தார்கள், துடைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ரைஃபிள் சரியானது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்: "இன்டர்ஃபேஸ் மாறல, உள்ள இருக்கிற லைப்ரரி வெர்ஷன் மட்டும்தான் மாறிச்சு." ஒரு முழு சிஸ்டம் சோதனையில் தேறியது என்றால், அந்த வெர்ஷன்களோடு தேறியது என்றுதான் அர்த்தம். ஒன்றை மாற்றிய பிறகு பழைய சோதனை முடிவைக் காட்டுவது செல்லாது. நம்ம வேலையில் இது தப்பினால் சர்வர் விழும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது ரோல்பேக் பண்ணுவாங்க. அந்தக் குன்றுகளில் ரோல்பேக் கிடையாது.

1980களில் அதே ராணுவம் இந்தப் பாடத்தைச் சரியாகப் பயன்படுத்தியது. நேட்டோ நாடுகள் கொஞ்சம் கனமான, நீளமான குண்டுக்கு மாறின. நீளம் கூடினால் என்ன ஆகும்? கிரீன்ஹில் சொன்னதுதான், 12 அங்குலச் சுற்று போதாது. அதைவிட நீளமான, பறக்கும்போது ஒளிரும் குண்டையும் சுட வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்து, எம்16ஏ2 பேரலுக்கு 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார்கள். புதுத் தோட்டா, அதற்கென்றே புது பேரல்.

0.8 மில்லிமீட்டர்

சரி, போரை விட்டுட்டு விளையாட்டுக்கு வருவோம். முதல்ல போட்ட புதிருக்கும் பதில் சொல்லணும் இல்லையா?

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்ஸின் துப்பாக்கிப் போட்டிகள் நடந்த சாட்டோரூ. 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அந்த இலக்கின் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6. குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே போதும், ஆக மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10. இறுதிச் சுற்றில் 10.0லிருந்து 10.9 வரை தசமத்தில் புள்ளி. 8ஐ 10ஆல் வகுத்தால், ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி. 50 மீட்டர் தள்ளி!

இதில் பயன்படுத்துவது .22 ரிம்ஃபயர் தோட்டா. பெரிய ரைஃபிள்காரர்கள் மருந்தை அளந்து போட்டு, குண்டை அமர்த்தித் தன் பேரலுக்கேற்ற தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். ரிம்ஃபயரில் அது நடைமுறையில் இல்லை, ஆலையிலிருந்து வந்ததுதான். அதனால் செய்வதற்குப் பதில் தேடுகிறார்கள். எலி, லாப்புவா மாதிரி தயாரிப்பாளர்கள் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கிறார்கள். வீரர் தன் ரைஃபிளோடு போவார். மரக்கட்டையைக் கழற்றி, பேரலை இறுக்கமான தாங்கியில் பூட்டி, 50 மீட்டர் சுரங்கத்தில், ஒரே பிராண்டின் வேறு வேறு உற்பத்தித் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுடுவார்கள். எலக்ட்ரானிக் இலக்கு ஒவ்வொரு குண்டையும் அளக்கும். இவங்க பாஷையில் அந்தத் தொகுதிக்கு 'லாட்' என்று பேர். எந்த லாட் நெருக்கமாக விழுகிறதோ, அந்த லாட் எண்ணிலேயே ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஆலை, ஒரே இயந்திரம், ஒரே விலை. இருந்தும் ஒரு பேரலுக்குப் பிடித்த லாட் பக்கத்து பேரலுக்குப் பிடிப்பதில்லை. ஆரம்பத்தில் கேட்ட புதிருக்கு இதுதான் விடை. அவருடைய பெட்டி பழைய பேரலோடு சோதனையில் தேறிய பெட்டி. புது பேரலுக்கு அது அறிமுகமே இல்லாத ஆள்.

இங்கே இன்னொரு பொறி இருக்கு, டேட்டா பார்க்கிறவங்க கவனிங்க. பத்து லாட் எடுத்து ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு மட்டும் சுட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுத்தால் என்ன? ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். பத்து பேரிடம் ஆளுக்கு மூன்று தடவை நாணயம் சுண்டச் சொல்லுங்க. மூன்றும் தலையாக விழுந்தவர் ஒருத்தராவது இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 74 சதவீதம். அவர்கிட்ட விசேஷமான நாணயம் இருக்குன்னு சொல்வோமா? மூன்று குண்டு அழகா ஒட்டி விழுந்தாலும் அதே கதைதான். அதனால் பத்து பத்துக் குண்டுகளாக, பல தடவை சுட்டு, மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிராண்ட் மாற்றினால் முதலில் சில குண்டுகளை வீணாகச் சுட்டுவிடுவார்கள். போன தோட்டாவின் மசகு பேரலில் ஒட்டியிருக்கும், அது மாறிப் புது மசகு படிந்த பிறகுதான் எண்ண ஆரம்பிப்பார்கள்.

ஆமா, மசகு. 1857ல் பார்த்த அதே மசகுதான்.

அடுத்த தடவை டிவியில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி வந்தா, புள்ளிக் கணக்கு தொடங்குறதுக்கு முன்னாடி வர்ற பயிற்சிக் குண்டுகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வீரர் பக்கத்துல சின்னப் பெட்டியில வரிசையா தோட்டாக்கள் இருக்கும். அந்தப் பெட்டியோட லாட் எண்ணைத் தேடி அவங்க எத்தனை நாள், எத்தனை ஆயிரம் குண்டு செலவழிச்சாங்கன்னு திரையில வராது. உங்களுக்கு இப்போ தெரியும்.

உங்க துறையிலும் இப்படி தனித்தனியா நல்லா இருந்து, சேர்ந்தா ஒத்துப்போகாத ஜோடிகள் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.